காரைக்காலும் கடல்கடந்த ஆசிரியப் பணியும்: ஊதியமும் சேமிப்பும்

கடல்கடந்த நாடுகளில் ஆசிரியராகப் பணியாற்றுவோர் தம் ஊதியத்தில் எவ்வளவு மிச்சப்படுத்த முடிகிறது, அந்த மிச்சம் எங்கெங்கே கரைகிறது, ஊர் திரும்பிய பின் எத்தனை காலம் தாங்குகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. காரைக்காலை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு வருவாயின் இரண்டு வேறு முடிவுகளை ஒரே ஊரில் அருகருகே பார்க்கலாம். ஒரு வீட்டுக்குப் பிரெஞ்சு அரசிடமிருந்து மாதந்தோறும் பென்சன் வருகிறது. இன்னொரு வீட்டில், வளைகுடாவிலோ மாலத்தீவிலோ பதினைந்து ஆண்டு பாடம் நடத்தித் திரும்பியவர், கொண்டுவந்த தொகையிலிருந்து மாதாமாதம் எடுத்துச் செலவு செய்கிறார். முதல் வீட்டுக்கு வருவது வற்றாது. இரண்டாவது வீட்டில் இருப்பது தொட்டித் தண்ணீர்.

இரண்டு தலைமுறைகள்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். காவிரிப் படுகையின் கடலோரத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டு, சுமார் 160 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 2 இலட்சம் பேர் வாழ்ந்தனர். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவுற்றது.

பொருள் தேடிக் கப்பலேறுவது இவ்வூருக்குப் புதிதன்று. காரைக்கால் அம்மையாரின் கணவராகிய பரமதத்தன் வாணிகத்துக்காக மரக்கலம் ஏறிச் சென்று, ஊர் திரும்பாமல் பாண்டிய நாட்டில் தங்கிவிட்டதாக அம்மையார் வரலாறு கூறுகிறது. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் நினைவுகூரப்படும் கதை அது.

அண்மைக் காலத்தில் நடந்த பெரும் பயணம் சைகோனுக்கு நடந்தது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற இந்தியர், பிரெஞ்சு இந்தோசீனாவில் அரசுப் பணிகளில் அமர முடிந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து எழுத்தர்களாகவும் வரித்துறை, காவல்துறை அலுவலர்களாகவும் பலர் சென்றனர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்களை இங்கே ‘சொல்தா’ என்றே அழைப்பர். இவர்கள் பெற்ற ஊதியத்தைக் காட்டிலும் பெரிய சொத்து பணிக்காலத்துக்குப் பின் வந்த ஓய்வூதியம். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு அது முதலில் பிராங்கிலும் பிறகு யூரோவிலும் வந்தது. ஓய்வூதியர் இறந்தால், உரிய நிபந்தனைகளின்படி மனைவிக்கும் ஒரு பகுதி உண்டு.

1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பெருகின. மாலத்தீவின் தீவுப் பள்ளிகளும் இந்திய ஆசிரியர்களைத் தொடர்ந்து வேலைக்கு எடுத்துவருகின்றன. காவிரிப் படுகையின் பி.எட். பட்டதாரிகள் பலருக்கு இவ்விரண்டும் பழகிய வழிகள். ஆனால் இப்பணிகள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்கள். அங்கே ஓய்வூதியம் கிடையாது. ஊர் திரும்பினால் இங்கும் கிடையாது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர் மிச்சப்படுத்தும் பணத்தை உபரி வருமானம் என்று எண்ணுவது தவறான கணக்கு. ஊரில் நிலையான பணியில் இருந்திருந்தால் முதுமைக்குச் சேர்ந்திருக்கக் கூடியதைத்தான் அவர் தாமே, தம் கையால், மாதாமாதம் கட்டிவர வேண்டியிருக்கிறது. கீழே வரும் செய்திகள் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோட்டத்தோடு படிப்பது நல்லது.

புறப்படும் முன் ஏறும் கடன்

முதல் ஆண்டுச் சேமிப்பை விழுங்குவது பெரும்பாலும் புறப்பாட்டுச் செலவே. பட்டச் சான்றிதழ்களுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், உரிய நாட்டின் தூதரகம் என்று படிப்படியாக மெய்யுறுதி வாங்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, விசா, பயணச்சீட்டு எல்லாம் இதோடு சேரும். யார் யார் எதைக் கொடுப்பது என்பதைப் பணியமர்த்தும் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏஜெண்டுகள் பற்றி ஒரு விதி பலருக்குத் தெரிவதில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர், வேலை தேடுபவரிடம் ரூ.30,000மும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். அதற்கு ரசீது தர வேண்டும். முகவரின் பதிவை ‘இ-மைக்ரேட்’ அரசுத் தளத்தில் சரிபார்க்கலாம். இதற்கு மேல் இலட்சக்கணக்கில் கேட்கப்படும் தொகைக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்தத் தொகையைக் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டுப் போகிறவர், முதல் ஒப்பந்தம் முடியும்வரை வட்டிக்காரருக்காக வேலை பார்க்கிறார் என்றே கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவர்களின் கடவுச்சீட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. இது சலுகை போலத் தோன்றும். ஆனால் அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளிக்குக் கட்டாயமாகச் செய்யப்படும் ஒப்பந்தச் சரிபார்ப்பும், ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடும் ஆசிரியருக்குத் தானாக வந்து சேர்வதில்லை. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அரசு பார்த்துக் கொடுப்பதைப் பட்டதாரி தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் எண்

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாரும் பார்ப்பது மொத்த ஊதியத்தை. பார்க்க வேண்டியது அதற்கு மேல் வரியில் இருக்கும் அடிப்படை ஊதியத்தை. காரணம் பணிக்கொடை.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் பணிசெய்த வெளிநாட்டவருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதற்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படை ஊதியமும் பணிக்கொடையாக வழங்கப்பட வேண்டும். மொத்தம் ஈராண்டு ஊதியத்தைத் தாண்டக் கூடாது. இதில் வீட்டுப்படி, பயணப்படி எதுவும் சேராது.

இரண்டு ஆசிரியைகள் மாதம் 5,000 திர்ஹாம் பெறுவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவரின் அடிப்படை ஊதியம் 3,000. மீதி படிகள். அவருக்கு ஒருநாள் அடிப்படை ஊதியம் 100 திர்ஹாம். முதல் ஐந்தாண்டுக்கு 2,100 வீதம் 10,500. அடுத்த ஐந்தாண்டுக்கு 3,000 வீதம் 15,000. பத்தாண்டு முடிவில் 25,500 திர்ஹாம். இரண்டாமவரின் அடிப்படை ஊதியம் 2,000 மட்டுமே. அதே கணக்கைப் போட்டால் 17,000 திர்ஹாம்தான் வரும். பத்தாண்டும் ஒரே சம்பளம் வாங்கிய இருவருக்குள் வேறுபாடு 8,500 திர்ஹாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கைக் கையெழுத்திடும் நாளில் போடாததால் ஆசிரியர்களே ஏமாறுகிறார்கள்.

சவூதி அரேபியாவில் முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு அரை மாத ஊதியமும் பிறகு ஒரு மாத ஊதியமும் உண்டு. தாமாகப் பணி விலகினால் நிலைமை மாறும். ஈராண்டு நிறையாமல் விலகினால் ஒன்றும் இல்லை. இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து முதல் பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு. ஒன்பதரை ஆண்டில் விலகுவதற்கும் பத்தாண்டு முடித்து விலகுவதற்கும் இடையே பெரும் தொகை நிற்கிறது.

ஊதியம் ஒழுங்காக வருகிறதா என்பதும் முக்கியம். அமீரகம் 2009 முதல் தனியார் நிறுவன ஊதியங்களை வங்கிவழி மட்டுமே செலுத்தச் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் காட்டி, கையில் வேறு தொகையைக் கொடுக்கும் வழக்கத்துக்கு அது ஒரு தடை. வங்கியில் வந்த சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி யாரேனும் கேட்டால், அந்தப் பணம் கொடுக்கப்பட்டதற்குச் சான்றாகக் குறுஞ்செய்திகளையாவது சேமித்து வைக்க வேண்டும்.

குடும்பத்தோடு வாழ்வதா, தனியாக இருப்பதா

சேமிப்பைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வி இதுவே. தனியாகச் சென்று பள்ளி கொடுக்கும் விடுதியில் மூவர் நால்வரோடு தங்கி, தாமே சமைத்து உண்பவர் ஊதியத்தில் பாதிக்கு மேல் மிச்சப்படுத்த முடியும். குடும்பத்தை அழைத்துக்கொண்டால் வாடகை, பிள்ளைகளின் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவை அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளும். ஆசிரியருக்கு ஒரு வாய்ப்பு உண்டு: தாம் பணிபுரியும் பள்ளியிலேயே தம் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இந்தச் சலுகை ஊதிய உயர்வைக் காட்டிலும் மதிப்புள்ளது. ஒப்பந்தம் பேசும்போது கேட்க வேண்டியவற்றில் இதை முதலில் வைக்கலாம்.

குடும்பச் செலவு ஆசிரியர் கையில் மட்டும் இல்லை என்பதற்குச் சவூதியே சான்று. 2017 ஜூலையில் அந்நாடு வெளிநாட்டவரின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு 100 வீதம் ஏறி, 2020 ஜூலையில் அது 400 ஆயிற்று. மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ள ஓர் ஆசிரியருக்கு மாதம் 1,200 ரியால் கூடுதல் செலவு. அதே 2020 ஜூலையில் மதிப்புக்கூட்டு வரியும் 5 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. இக்காலத்தில் ஏராளமான இந்தியக் குடும்பங்கள் ஊர் திரும்பின. சம்பாதிப்பவர் மட்டும் அங்கே தங்கினார்.

தனியாக இருப்பதில் உள்ள இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. குழந்தை நடக்கத் தொடங்கியதைக் கைப்பேசியில் பார்க்கும் ஆசிரியை, தம் வகுப்பில் நாற்பது குழந்தைகளுக்குக் கையெழுத்துப் பழக்கிக்கொண்டிருப்பார். எத்தனை ஆண்டு இப்படி இருப்பது என்பதைக் குடும்பம் கூடிப் பேசி, ஒரு தொகையையும் ஓர் ஆண்டையும் குறித்துக்கொண்டு புறப்படுவது நல்லது. குறித்துக்கொள்ளாதவர்கள் ‘இன்னும் ஒரு வருஷம்’ என்று தள்ளிக்கொண்டே போவதைக் காணலாம்.

மாலத்தீவு: மிச்சம் எளிது, மாற்றுவது கடினம்

மாலத்தீவில் ஆசிரியர்கள் தலைநகர் மாலேயில் மட்டுமின்றிச் சிறு சிறு தீவுகளிலும் பணிபுரிகின்றனர். நடந்தே சுற்றிவரக்கூடிய தீவில் செலவு செய்ய இடமில்லை. கடைகள் சில. காய்கறிகள் கப்பலில் வர வேண்டியிருப்பதால் விலை அதிகம். ஆயினும் கட்டுப்பாடாக இருப்பவர் ஊதியத்தின் பெரும்பகுதியை மிச்சப்படுத்த முடியும்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. ஊதியம் ரூஃபியாவில் வருகிறது. 2011 முதல் ஒரு டாலருக்கு அதிகபட்சம் 15.42 ரூஃபியா என்பது அரசு வகுத்த விகிதம். நாட்டில் டாலர் தட்டுப்பாடு நேரும்போதெல்லாம், வெளிநாட்டு ஊழியர் மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு வங்கிகள் வரம்பு வைக்கின்றன. வரம்புக்கு மேல் அனுப்ப வேண்டுமானால் வெளிச்சந்தையில் டாலர் வாங்க வேண்டும். வெளிச்சந்தை விகிதம் 18 என்று வைத்துக்கொண்டால், வங்கியில் 1,000 டாலர் பெறுமான 15,420 ரூஃபியாவுக்கு அங்கே சுமார் 857 டாலர்தான் கிடைக்கும். ஏழில் ஒரு பங்கு ஊதியம் எந்தச் செலவும் செய்யாமலே போய்விடுகிறது. மாலத்தீவுப் பணிக்குச் செல்பவர் ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதோடு ‘இந்த மாதம் எவ்வளவு அனுப்ப முடியும்?’ என்பதையும் அங்கே ஏற்கெனவே இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாணயத்தால் வரும் இழப்பு காரைக்காலின் பழைய தலைமுறைக்கும் தெரிந்ததே. இந்தோசீனப் பியாஸ்தரின் மதிப்பு 1945 இறுதியில் 17 பிராங்காக நிறுவப்பட்டிருந்தது. 1953 மே மாதம் பிரெஞ்சு அரசு அதை ஒரே நாளில் 10 பிராங்காகக் குறைத்தது. பியாஸ்தரில் பணம் வைத்திருந்தவர், பிராங்குக் கணக்கில், நூற்றுக்கு 41 பங்கை அன்று இழந்தார்.

வளைகுடாவில் நிலை வேறு. அமீரகத் திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 1986 முதல் 3.75 என்றும் கட்டப்பட்டுள்ளன. ரூபாய் டாலருக்கு எதிராக இறங்க இறங்க, ஊருக்கு வரும் ரூபாய் கூடிக்கொண்டே போகும். 2012இல் ஒரு திர்ஹாம் ஏறத்தாழ 14.50 ரூபாய். 2023இல் ஏறத்தாழ 22.50. மாதம் 4,000 திர்ஹாம் அனுப்பிய ஒருவருக்கு ரூ.58,000 ரூ.90,000 ஆகிவிட்டது. பாதிக்கு மேல் உயர்வு! ஆனால் 2012இல் 100 என்று கொள்ளப்பட்ட இந்திய நுகர்வோர் விலைக் குறியீடு 2023 இறுதியில் 185 அளவுக்கு ஏறியிருந்தது. அதாவது ஊதியம் உயராமல் அதே பள்ளியில் இருந்தவர், ரூபாயில் கூடுதலாக அனுப்பியபோதும் காரைக்கால் கடைத்தெருவில் முன்னைக் காட்டிலும் குறைவாகவே வாங்க முடிந்தது. நாணய மாற்றில் வந்த உயர்வை ஊதிய உயர்வாக எண்ணிக்கொள்வது பரவலான மயக்கம்.

பணம் ஊர் வரும் வழி

பணம் அனுப்பும்போது இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று ரசீதில் அச்சாகும் கட்டணம். மற்றொன்று நாணய மாற்று விகிதத்தில் பிடித்துக்கொள்ளப்படுவது. ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் இடத்தில் இரண்டாவது பெரிதாக இருக்கக்கூடும். 2,000 திர்ஹாமுக்கு 22.50 விகிதத்தில் ரூ.45,000. 22.20 விகிதத்தில் ரூ.44,400. முப்பது பைசா வேறுபாடு மாதம் 600 ரூபாய். ஆண்டுக்கு 7,200. இன்று கையில் எவ்வளவு ரூபாய் சேரும் என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடங்களில் கேட்டாலே போதும்.

உண்டியல் வழியாக அனுப்பினால் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். அது இந்தியாவில் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு மாறானது. பணம் வராவிட்டால் கேட்க இடமில்லை. வந்தாலும் பிற்காலத்தில் வீடு வாங்கும்போது ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்குக் காட்டத் தாள் இருக்காது.

சேமிப்பை முழுவதும் அந்நாட்டு வங்கியிலேயே வைத்துவிடுவதும் ஆபத்தே. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் மீட்கப்பட்டனர். கையில் பையோடு வந்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. அவர்களின் வங்கிச் சேமிப்பு அங்கேயே நின்றது. பின்னர் ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணையம் வழியாக ஈடு கிடைத்தபோதும் அதற்கு ஆண்டுகள் பிடித்தன.

யார் பெயரில்?

வெளிநாடு செல்லும் ஆசிரியர் தம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டு ஊதியத்தை அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்குத் தொடங்கலாம். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. முதலையும் வட்டியையும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். என்.ஆர்.ஓ. வட்டியில் 30 விழுக்காடும் அதன்மேல் தீர்வையும் பிடித்தம் செய்யப்படும். வெளிநாட்டு நாணயத்திலேயே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வைக்க எஃப்.சி.என்.ஆர். வைப்பு உள்ளது.

நடைமுறையில் பலர் இவற்றுள் எதையும் செய்வதில்லை. அண்ணன் கணக்குக்கோ அப்பா கணக்குக்கோ பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவ்வாறு அனுப்பிய பணம் அனுப்பியவருடையது என்று நிறுவுவது எளிதன்று. அதைக் கொண்டு வாங்கிய மனை யார் பெயரில் பத்திரமாகிறதோ அவருடையதே. பெற்றோரின் காலத்துக்குப் பின் உடன்பிறந்தார் பங்கு கேட்கும்போதுதான், பத்தாண்டு அனுப்பியதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை என்பது தெரியவரும். குறிப்பாகத் திருமணமாகாத ஆசிரியைகளின் ஊதியம் இவ்வாறு குடும்பத்துக்குள் கரைந்துவிடுவது உண்டு. இதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. என்.ஆர்.இ. கணக்கில் இந்தியாவில் வாழும் நெருங்கிய உறவினரைக் கூட்டாகச் சேர்க்கலாம், அல்லது செலவுக்கு மட்டும் பணம் எடுக்க அவருக்கு அதிகாரம் தரலாம். குடும்பச் செலவுக்கு ஒரு தொகை, சேமிப்புக்கு வேறொரு கணக்கு என்று முதல் மாதத்திலிருந்தே பிரித்துவிட்டால் மனத்தாங்கலும் குறையும். முன்பு கொடுத்துப் பழக்கிவிட்டு ஐந்தாம் ஆண்டில் நிறுத்துவதுதான் சண்டையாகிறது.

காவிரிப் படுகையில் பிறந்தவருக்கு மிச்சப் பணத்தில் நாலு மா நிலம் வாங்க வேண்டும் என்ற ஆசை இயல்பு. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வேளாண் நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. மரபுரிமையாக வருவதற்குத் தடையில்லை. வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். இந்த விதி தெரியாமல் உறவினர் பெயரில் வயல் வாங்கி, பிறகு வயலையும் உறவையும் இழந்தவர்கள் உள்ளனர்.

அஞ்சலகச் சிறுசேமிப்புத் திட்டங்களிலும் வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாகச் சேர முடியாது. முன்பே தொடங்கிய பி.பி.எஃப். கணக்கை அதன் 15 ஆண்டு முதிர்வு வரை தொடரலாம். அதற்குமேல் நீட்டிக்க இயலாது.

வரி: எந்த மாதம் புறப்படுவது?

இந்தியக் குடிமகன் ஒருவர் வேலைக்காக வெளிநாடு செல்லும் நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கியிருந்தால் அவ்வாண்டில் அவர் வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ்பவர். வெளிநாட்டில் ஈட்டிப் பெற்ற ஊதியத்துக்கு இந்தியாவில் வரி கட்ட வேண்டியதில்லை. செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் புறப்படுபவர் இந்த வரம்புக்குள் வந்துவிடுவார். ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும் வளைகுடாப் பள்ளிகளுக்குச் செல்வோருக்குச் சிக்கல் இல்லை. நவம்பரில் இடையில் காலியான பணியிடத்துக்குச் செல்பவருக்கோ, அந்த நிதியாண்டின் வெளிநாட்டு ஊதியமும் இந்திய வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும்.

மாதம் எவ்வளவு ஒதுக்குவது?

ஊர் திரும்பிய பின் மாதம் ரூ.25,000 வேண்டும் என்று ஓர் ஆசிரியர் திட்டமிடுகிறார் என்க. ஆண்டுக்கு 3 இலட்சம். 6 விழுக்காடு வட்டியில், முதலைத் தொடாமல் இதைப் பெற 50 இலட்சம் ரூபாய் தேவை. அதே 6 விழுக்காட்டில் 15 ஆண்டில் அந்த 50 இலட்சத்தைச் சேர்க்க மாதம் ஏறத்தாழ ரூ.17,200 போட வேண்டும். பத்தே ஆண்டில் சேர்க்க வேண்டுமானால் மாதம் ஏறத்தாழ ரூ.30,500. ஐந்தாண்டு தாமதம் மாதச் சுமையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடுகிறது.

விலைவாசியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறினால் சுமார் 14 ஆண்டில் இன்றைய ரூ.25,000க்குப் பாதி மதிப்பே மிஞ்சும். பிரெஞ்சு ஓய்வூதியம் காலத்துக்கேற்ப உயர்த்தப்படுகிறது. இந்திய அரசின் பழைய ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி உண்டு. வங்கியில் கிடக்கும் 50 இலட்சத்துக்கு அவ்வாறு எதுவும் இல்லை. எனவே வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வெளிநாடு வாழ் இந்தியரும் சேரலாம். அதன் முதிர்வில் ஒரு பகுதி கட்டாயமாக மாத வருவாயாக மாற்றப்படுவதால், கையில் வந்த மொத்தத்தையும் ஒரு கல்யாணத்தில் செலவழித்துவிடும் ஆபத்து குறைவு.

ஊரில் தனியார் பள்ளியில் சில ஆண்டு பணிசெய்துவிட்டுப் புறப்படுவோர் வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடுவது வழக்கம். அதோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிடுகிறார்கள். 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மொத்தம் பத்தாண்டு சேவை நிறைந்தால்தான் ஓய்வூதியம். ஏழாண்டு பணிசெய்தவர் பணத்தை எடுக்காமல் ‘திட்டச் சான்றிதழ்’ வாங்கி வைத்துக்கொண்டால், திரும்பி வந்து மூன்றாண்டு பணிசெய்து பத்தாண்டை நிரப்பிக்கொள்ளலாம். தொகை சிறிதே. ஆனால் அது சாகும்வரை வருவது.

மிச்சத்தின் பெரும்பகுதியை வீடு கட்டுவதில் போடுவது இப்பகுதியின் பழக்கம். குடியிருக்க ஒரு வீடு தேவைதான். இரண்டு மாடி எழுப்பி, மேல்தளத்தைப் பூட்டிவைத்துவிட்டு, கீழே வயதான பெற்றோர் மட்டும் வாழும் வீடுகளில் முடங்கிய பணம் மாதச் செலவுக்கு உதவாது.

திரும்பும்போது

நிலையாக ஊர் திரும்பியதும் வங்கிக்குத் தெரிவித்து என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அன்றிலிருந்து அதன் வட்டி வரிக்கு உட்பட்டது. 60 வயது நிறைந்தவர் அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ரூ.30 இலட்சம் வரை வைக்கலாம்.

மருத்துவக் காப்பீடு பலரும் மறப்பது. அந்நாட்டுப் பள்ளி தந்த காப்பீடு பணியோடு முடிந்துவிடும். ஐம்பத்தைந்து வயதில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்தபின் இந்தியாவில் புதிதாகக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 வரை இது நான்காண்டாக இருந்தது. எனவே திரும்புவதற்கு மூன்றாண்டுக்கு முன்பே, வெளிநாட்டில் இருக்கும்போதே, ஊரில் ஒரு காப்பீட்டைத் தொடங்கிவிட்டால் அந்தக் காத்திருப்பு அங்கேயே கழிந்துவிடும். விடுமுறைக்கு வரும் இரண்டு மாதத்தில் மருத்துவப் பரிசோதனையை முடித்து, படிவத்தில் கையெழுத்திட்டு, நாமினி பெயரைச் சேர்த்துவிட்டுப் போகலாம்.